ஊர்ப்பெயரும் மகப்பெயரும்

பெண்ணாகரம் வட்டத்து ஏரியூரிற் பிறந்து, கடல் கடந்து சென்று ஸ்காட்லாந்து நாட்டில் தொழில் புரியும் சைவ இல்லறத்தார் ஒருவர், அந்நாட்டின் மேல்கடலில் உள்ள அயோனா என்னும் சிறு தீவின் பெயரைத் தம் பெண்மகவுக்குச் சூட்டலாமோ என்று வினவுவாராயின், யாம் கூறும் விடை யாது? இத்தகைய வினா இந்நாளில் அரிதன்று. தீவின் பெயரையும் ஆற்றின் பெயரையும் மகவுக்கு இடுதல் அந்நாட்டார்க்கு வழக்கம். ஐலா, ஸ்கை என்பன தீவின் பெயர்கள். டக்ளஸ் என்பது கருநீர் எனும் பொருட்டாய ஓர் ஆற்றின் பெயர். அது குலப்பெயராகிப் பின்னர் இயற்பெயரும் ஆயிற்று. அங்குக் குடிபுகுந்த நம்மவர் செவிக்கு இவை இனியவாய்த் தோன்றுதல் இயல்பே. ‘சிவநாமங்கள் இருக்கப் பிறநாட்டு ஊர்ப்பெயர் எற்றுக்கு?’ என ஒரு வார்த்தையில் மறுத்துவிடுதல் எளிது. ஆயின், அது வினாவைத் தீர்ப்பதன்று, வினவியவரைத் துரத்துவதாம்.

ஊரின் பெயரை மகவுக்கு இடுதல் நமக்குப் புதிதோவெனின், அன்று. சிதம்பரம், அண்ணாமலை, பழனி, காசி என்று நம் வீடுகளில் நாடோறும் அழைக்கப்படுவன யாவும் ஊரும் மலையுமே. தருமபுரிப் பக்கத்தே தீர்த்தமலையை நினைந்து தீர்த்தகிரி என்பார் பலர். காவிரிக்கு அப்பால், கன்னட நாட்டெல்லையில் நிற்கும் மாதேசுவரன் மலையை நோக்கி மாதேசன், மாதையன், மாதம்மாள் எனப் பெயர் பூண்டாரை ஏரியூரைச் சூழ்ந்த சிற்றூர்தோறும் காணலாம். ஆற்றின் பெயராற் காவேரி என்பாரும் உளர். ஆதலின், ஊர்ப்பெயர் என்னும் அளவிற்கு மறுத்தற்கு இடமில்லை.

சமய வரலாற்றை நோக்கின் இவ்வழக்கின் பெருமை இன்னும் விளங்கும். திருநாவலூரில் அவதரித்த பிள்ளைக்குத் தாய்தந்தையர் இட்ட பெயர் நம்பியாரூரர் என்பது. பிறந்த ஊர் ஒன்று. பெயரில் நின்ற ஊர் மற்றொன்று. பின்னாளில் அவ்வாரூரே அவரைத் தன்பால் அழைத்துத் திருத்தொண்டத்தொகை பாடுவித்தது. பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் திருவெண்காட்டில் வழிபட்டுப் பெற்ற மகவுக்குச் சுவேதவனப் பெருமாள் என்று பெயரிட்டார். (பெண்ணாகடத்தையும் நம் பெண்ணாகரத்தையும் ஒன்றென மயங்குவார் இன்றும் உளர், அது நடுநாட்டது, இது தகடூர் நாட்டது.) வெண்காடு என்னும் தமிழ்ப்பெயரே வடமொழியிற் சுவேதவனம் ஆயிற்று. அப்பிள்ளைதான் பரஞ்சோதி முனிவர் அருளால் மெய்கண்டார் எனப் பெயர்பெற்றுச் சிவஞானபோதம் தந்தருளினார். அண்மைக் காலத்தே, திருக்கழுக்குன்றத்து வேதாசலேசுவரரை வேண்டிப் பெற்றதனால் வேதாசலம் எனப்பட்டவர், அதனையே தமிழாக்கி மறைமலை எனப் பூண்டமை இவ்விதழ் அன்பர் அறிந்ததே. இடப்பெயர் ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குப் பொருள் கெடாது பெயர்ந்து மகவின்மேல் அமர்தல் நம் முன்னோர்க்கு உடன்பாடே என்பதனை ஈண்டுக் கருத்தில் வைக்க.

இனிச் சித்தாந்த நெறியான் ஆராய்வாம். அத்துவாக்கள் ஆறனுள் வன்னம், பதம், மந்திரம் என்னும் மூன்றும் சொல்லின் பாற்பட்டன. கலை, தத்துவம், புவனம் என்னும் மூன்றும் பொருளின் பாற்பட்டன. பெயர் பதத்துள் அடங்கும். ஊர் புவனத்துள் அடங்கும். மகவுக்கு ஊர்ப்பெயர் இடுவார் இவ்விரண்டு வழியையும் ஓருடம்பின்கண் கட்டுகின்றார். ஆயினும் இரண்டும் மாயையின் காரியமே. ஏரியூரும் அயோனாவும் அவ்வகையில் ஒத்தனவே. ஒன்று சுத்தமும் மற்றொன்று அசுத்தமும் ஆகா. ஆன்மாவுக்கோ பெயரில்லை. பல பிறவியிற் பல பெயர் பூண்டு கழித்த அதனை எப்பெயரும் தீண்டாது.

அங்ஙனமாயின் எப்பெயரிடினும் அமையும் என்று கைவிடலாமோ? அற்றன்று. தனு, கரணம், புவனம், போகம் என்பன இருளிடை ஏற்றிய விளக்குப்போல் உயிர்க்குச் சிறிது அறிவு விளக்கத் தரப்பட்டவை. விளக்கு ஞாயிறன்று என்று கருதி அதனை அவித்துவிடுவார் இலர். பெயர், உடம்பு எடுத்த உயிர் முதன்முதற் கேட்டுத் திரும்பும் சொல். அது பெற்றவன் உடைமையன்று. பூண்டவள் உடைமையும் முழுவதுமன்று. அதனை மிகுதியும் வழங்குவார் பிறரே. ஆதலின் பெயரை அழைப்பார் நெஞ்சு அவ்வழைப்பில் எங்கே செல்கின்றது என்பதுவே நாம் நோக்கத்தக்கது. அப்பூதியடிகள் நாவரசரைக் கண்ணாற் காணுமுன்னரே தம் மக்கள் இருவர்க்கும் அவர் பெயரையே இட்டார். தண்ணீர்ப்பந்தர்க்கும் அதனையே இட்டார். திங்களூரில் மகனை அழைக்குந்தோறும் அவர் நெஞ்சு தாம் காணாத அடியவர்பால் சென்றது. பெயரிடுதலில் அன்பு முன்னும் அறிமுகம் பின்னும் ஆதல் கூடும் என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டா.

பிறநாட்டுப் பெயர் நம் நாட்டு மக்கள்மேல் அன்பினால் ஏறியதும் உண்டு. கிளாஸ்கோ நகரில் 1761இற் பிறந்த தாமஸ் மன்றோ, 1792 முதல் 1799 வரை பாராமகாலில் ரீடு என்பார்க்கு உதவியாளராய் இருந்து, தருமபுரியிலே தங்கி நிலவரி வகுத்தவர். பின்னர்க் கடப்பை, பல்லாரிப் பகுதிகளில் 1807 வரை ஆண்டு, 1820இற் சென்னை ஆளுநராகி, 1827இற் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்தார். அவர்பால் நன்றியுடைய தெலுங்குக் குடிகள் தம் பிள்ளைகட்கு மன்றோலப்பா என்று பெயரிட்டனர். மன்றோ என்னும் அக்குலப்பெயரோ அயர்லாந்து நாட்டு ரோ என்னும் ஆற்றங்கரையினின்றும் வந்தது என்பது அக்குலத்தாரின் வழிவழிக் கூற்று. அஃது உண்மையாயின், இராயலசீமை உழவன் மகன் ஒருவன் தான் கேட்டறியாத ஆறொன்றின் பெயரைச் சுமந்து ஆடு மேய்த்தான் என்க! அப்பெயரை இடுகவென்று அரசாணை பிறந்ததில்லை.

ஆணையாற் பிறந்த பெயரும் ஏரியூர்க்கு அண்மையிலேயே உண்டு. 1934இல் அணை முடிந்தபொழுது அந்நாள் ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் அந்நீர்த்தேக்கத்துக்கு இடப்பட்டது. ஏட்டில் அது நிற்க, மக்கள் வாயில் மேட்டூர் அணையே வழங்குகின்றது. நீர் வற்றுங்காற் பண்ணவாடியில் வெளிப்படும் பழைய நந்தியைக் காண்போரும் ஸ்டான்லியை நினைப்பதில்லை. இலங்கை மலைநாட்டில் பால்மோரல், ஹோலிரூட், டன்சினேன் எனத் தேயிலைத் தோட்டங்கட்கு இட்ட பெயர்களும் இத்தகையனவே. இட்ட துரைமார்க்கு அவை பிறந்த நாட்டின் ஏக்கம். அங்கே தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த தமிழர்க்கு அவ்வேக்கத்தில் என்ன பங்கு?

இனி அயோனா என்னும் பெயர்க்கே வருவோம். கொலும்பா என்னும் துறவி 563இல் அயர்லாந்தினின்று கடல் கடந்து வந்து அத்தீவில் மடம் நிறுவி, 597இல் அங்கேயே உயிர் நீத்தார். பிற சமயத்து மடமாயினும், துறவும் கல்வியும் ஏடெழுதலும் ஓரிடத்தே தங்கிய வரலாறு நம் மடங்களிற் பயின்றார்க்கு அயலாய்த் தோன்றாது. இதனினும் சுவையுடையது அப்பெயரின் வரலாறு. பழைய இலத்தீன் ஏடுகளில் அது இயோவா என்றிருந்தது. வடிவொத்த எழுத்திரண்டை மயங்கிப் படித்தமையால் இயோனா ஆயிற்று. சுவடிகளில் ரகரத்தையும் காலையும் பிரித்தறிய மாட்டாது இடர்ப்பட்ட நம் புலவர் இதனைக் கேட்டு நகையாடார், பெருமூச்சே விடுவர்.

இப்பெயர்க்கு உடன்படுவார் சிலர், ‘அயோனி என்பது கருவிற் பிறவாத சிவபிரானைக் குறிக்குமன்றோ? ஆதலின் அயோனா சைவப்பெயரே’ என்று கூறவுங்கூடும். இஃது ஒலியொப்புமை ஒன்றேபற்றிப் பொருளொப்புமை நாட்டும் வீண் முயற்சி. வேண்டியதனைச் செய்துவிட்டுச் சான்று தேடுவார்க்கே இது பயன்படும். யாம் இதனைக் கொள்ளோம்.

இதற்கு மாறாக, ஏரியூரிலிருக்கும் பாட்டியார் கூறும் தடையை யாம் பெரிதும் மதிக்கின்றோம். ஏட்டில் அயோனா எனினும், அந்நாட்டார் வாயில் அது ஐயோனா என்றே ஒலிக்கும். பேர்த்தியை அழைக்க வாய் திறப்பின் முதலில் வருவது ‘ஐயோ’. அஃது எமன் மனைவியின் பெயர், வீட்டில் அச்சொல் எழலாகாது என்று முதியவர் குழந்தைகளை அடக்குதல் நம்மூர் வழக்கு. அச்சொல்லாற் பிள்ளைக்குத் தீங்கு விளையும் என்று யாம் கூறோம். வினைக்கேற்ற பயனை ஊட்டுவோன் இறைவன், எழுத்தன்று. ஆயின், கடலுக்கு இப்பால் இருந்து தொலைபேசியில் அழைக்கும் அம்முதியவர்க்குப் பெயரே இழவொலியாய் நிற்குமாயின், அன்பு செல்லும் வழியில் முள்ளிட்டதாகும். பண்டிதர் காட்டும் அயோனியைவிடப் பாட்டியார் கேட்கும் ஐயோ மெய்யானது.

ஆகவே யாம் கூறுவது இது. செவிக்கினிமை ஒன்றே கருதின் அப்பெயர் வேண்டா. இன்னொலி தமிழில் மலிந்து கிடக்கின்றது. அத்தீவில் உண்மையாகவே அவர் நெஞ்சம் தோய்ந்திருப்பின், பொருளைப் பெயர்த்துக் கொள்க. அந்நாட்டுப் பழமொழியில் அத்தீவு கொலும்பாவின் பெயரோடு சேர்த்தே வழங்கப்படும். கொலும்பா என்பதற்குப் புறா என்பது பொருள். சீகாழியின் பன்னிரு திருப்பெயருள் புறவம் என்பது அப்புறாவின் பெயரால் வந்ததே. வெண்காடு சுவேதவனம் ஆனாற்போல, அத்தீவு புறவம்மை எனத் தமிழில் வந்து மகவின்மேல் அமரலாம். பழமையாய்த் தோன்றின் புறவி எனக் குறைக்க. தாயும் தந்தையும் அழைக்குங்கால் மேல்கடல் தீவையும், பாட்டியார் அழைக்குங்காற் காழிப்பதியையும் நினைக்க. ஒரு பெயர்க்கு இரண்டு நினைவு மிகையன்று.

எஞ்சியது ஒன்று. அந்நாட்டுப் பதிவேட்டில் குடும்பப்பெயரும் எழுதல் வேண்டும். நமக்கு அத்தகைய பெயர் இன்மையின், தந்தை பெயரே அவ்விடத்தை நிரப்புதல் பெரும்பான்மை வழக்கு. தந்தை ஏரியூரில் மாதேசன் என வளர்ந்தவராயின், காவிரிக்கு அப்பால் நிற்கும் மலையின் பெயர் எடின்பரோ நகரத்துப் பள்ளி ஏட்டில் எழுதப்படும். நாடோறும் காலையில் வருகை எடுக்கும் ஆசிரியை, அஃது எவ்வூர் மலை என்று அறியாமலே அதனை உரக்கப் படிப்பார்.