உள்ளதைத்தானே சொன்னேன்!

நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார். முகமே சரியில்லை.

முந்தின நாள் சாயந்திரம் அவருடைய அப்பா, செல்போனில் கரன்ட் பில் கட்டுவது எப்படி என்று மூன்றாவது தடவையாகக் கேட்டிருக்கிறார். ஆபீஸ் டென்ஷனில் இருந்த நண்பர், ‘‘உங்களுக்கு வயசாயிடுச்சுப்பா, விடுங்க. நான் பார்த்துக்கறேன்’’ என்றிருக்கிறார். பெரியவர் போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். ராத்திரி சாப்பிடவில்லை.

‘‘அவருக்கு 78 வயசு. வயசாயிடுச்சுன்னு சொன்னது பொய்யா? உள்ளதைத்தானே சொன்னேன்?’’ என்றார் நண்பர்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் நீங்களும் நானும் எத்தனை முறை ஒளிந்துகொண்டிருக்கிறோம்!

ஒரு சொல்லுக்கு அகராதி ஒரு பொருள் சொல்கிறது. கேட்கிறவர் மனசு இன்னொரு பொருள் சொல்கிறது. ‘வயசாயிடுச்சு’ என்றால் அகராதிப்படி, பிறந்து பல வருஷம் ஆகிவிட்டது, அவ்வளவே. பெரியவர் காதில் விழுந்ததோ, ‘இனிமே நீங்க எதுக்கும் தேவையில்லை’ என்பது.

நம் முன்னோருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 13-ம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், ‘மங்கலம்’ என்று ஒரு சொல் வழக்கை இலக்கணத்திலேயே சேர்த்தார். ‘செத்தார்’ என்பதைத் ‘துஞ்சினார்’ என்பது அந்த வகை. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இலக்கணமே படிக்காத பாட்டியும் விளக்கை ‘அணை’ என்று சொல்ல விடமாட்டாள். ‘குளிர வை’ என்பாள். ‘போறேன்’ என்று கிளம்பினால், ‘போயிட்டு வரேன்னு சொல்லுடா’ என்று வாசல்வரை வந்து திருத்துவாள்.

இது பொய் இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. ஏனென்றால் அங்கே சொல்லப்படுவது பயணத் திட்டம் அல்ல, பிரியம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ‘நீ நல்லா இருப்பா!’ வயிறு குளிர்ந்து சொன்னால் ஆசீர்வாதம். வயிறு எரிந்து சொன்னால் சாபம். அகராதி இரண்டுக்கும் ஒரே பொருளைத்தான் காட்டும். ஆகவே, அகராதியைச் சாட்சிக்கு அழைத்துத் தப்பிக்கிற வேலை வேண்டாம். சொல்லின் பொருளுக்கு மட்டுமல்ல, அது போய்ச் சேரும் இடத்துக்கும் நாம்தான் பொறுப்பு. தீங்கில்லாததைச் சொல்வதே வாய்மை என்றுதானே வள்ளுவரும் சொல்கிறார்?

அப்படியானால் கசப்பான உண்மையைச் சொல்லவே கூடாதா? சொல்லத்தான் வேண்டும். டாக்டர் நோயை மறைக்க முடியாது. சொல்லி முடித்ததும் எழுந்து போகாமல் இரண்டு நிமிஷம் பக்கத்தில் உட்காரலாம்.

இனிப்பான வார்த்தையாகத் தேடி மாற்றினாலும் போதாது. ‘ரெஸ்ட் எடுங்கப்பா’ என்று நண்பர் அதே எரிச்சலோடு சொல்லியிருந்தாலும் பெரியவர் பட்டினியாகத்தான் படுத்திருப்பார்.

நண்பரிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. ‘‘போய் அப்பா பக்கத்துல உட்காருங்க’’ என்று மட்டும் சொன்னேன்.

சாயந்திரம் போன் செய்தார். ‘‘உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன் சார். அப்பா சிரிச்சுக்கிட்டே என்ன சொன்னார் தெரியுமா? ‘எனக்கு வயசாயிடுச்சுடா, கொஞ்சம் மெதுவா சொல்லு’ன்னார்.’’

அதே வார்த்தைதான்!