குவிந்த மனம் யாருடையது?

"படிப்பில் மனம் குவியவில்லை" என்பது பெற்றோர் பலரும் தம் பிள்ளைகளைப் பற்றிக் கூறும் குறை. ஆனால் கைபேசியில் ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கும் இளைஞனைச் சிறிது நேரம் கவனித்தால் இக்குறை அவனுக்குப் பொருந்தாதது போலவே தோன்றும். தாய் அழைப்பது அவன் காதில் விழுவதில்லை. எதிரே வைத்த உணவு ஆறிப்போகிறது. கால் மரத்துப்போனதும் தெரிவதில்லை. பல ஆண்டுகள் சாதனை செய்வோரும் ஏங்கும் ஒருமைப்பாடு அவனுக்கு எளிதாகக் கைகூடிவிட்டது போலிருக்கிறது. "விளையாடும்போது என் மனம் சிதறுவதே இல்லையே, அப்படியிருக்க என்னை ஏன் கண்டிக்கிறீர்கள்?" என்று அவன் திருப்பிக் கேட்டால், தந்தை பெரும்பாலும் குரலைத்தான் உயர்த்துகிறார், விடை கூறுவதில்லை. கேள்வியோ நியாயமானது. அதற்குக் கோபத்தைவிட நல்லதொரு விடை தர வேண்டும்.

நவி மும்பையிலுள்ள கோபர்கைரனேயை எடுத்துக்கொள்வோம். 1970-இல் தொடங்கப்பட்ட சிட்கோ நிறுவனம் 'செக்டர்' 'செக்டராக'த் திட்டமிட்டு அமைத்த நகரின் ஒரு பகுதி இது. 2004-இல் தானேக்கும் வாஷிக்கும் இடையே புறநகர் ரயில் ஓடத் தொடங்கிய பின் நடுத்தரக் குடும்பங்கள் இப்பகுதிக்கு வருவது எளிதாயிற்று. மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய இடங்களில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறையினரையும் நவி மும்பையில் காணலாம். இவ்வூருக்கு வேறொரு சிறப்பும் உண்டு. 2003-இல் 501 ரூபாய் முன்பணத்திற்குக் கைபேசி தந்து நாட்டை வியக்கவைத்த நிறுவனத்தின் திருபாய் அம்பானி நாலெட்ஜ் சிட்டி அமைந்தது இங்கேதான். 2016 செப்டம்பரில் இணையத்தை நாடெங்கும் மலிவாக்கிய ஜியோவின் வளாகமும் இதையடுத்த கன்சோலியில் இருக்கிறது. பாரத இளைஞர்களின் கைகளில் இன்று பாயும் இணைய வெள்ளத்திற்கு இப்பகுதியை ஓர் ஊற்றுக்கண் என்றால் மிகையாகாது.

இங்கு வாழும் கல்லூரி மாணவன் ஒருவனின் நாளை எண்ணிப் பார்ப்பது கடினமன்று. கண் விழித்ததும் தொழில்நுட்பச் செய்திகள்: எந்த நிறுவனத்தின் புதிய சில்லு எத்தனை வேகம், எந்தக் கைபேசியின் திரை எத்தனை நேர்த்தி. பெரும்பாலும் அவன் வாங்கப்போகாத பொருள்களைப் பற்றிய செய்திகளே அவை. ரயிலில் திரைப்பட முன்னோட்டங்கள். மாலையில் நண்பர்களுடன் குழு ஆட்டம். ஒருவன் தானேயில் இருப்பான், இன்னொருவன் சேலத்தில் இருப்பான். வீட்டார் உறங்கிய பின் மீண்டும் ஆட்டம். ஆடாத நேரத்திலும் ஆட்டத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு அவனை விடுவதில்லை. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' என்னும் ஆட்டத்தின் ஐந்தாம் பாகம் 2013-இல் வந்தது. ஆறாம் பாகத்தின் முன்னோட்டம் 2023 டிசம்பரில் வெளியாயிற்று. அதன்பின் வெளியீட்டு நாள் இருமுறையேனும் தள்ளிவைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் உலகெங்கும் இளைஞர்கள் உறவினர் வருகை தள்ளிப்போனது போல் வருந்தினர். வராத ஒன்றுக்காகக் காத்திருப்பதே ஒரு தொழிலாகிவிட்டது.

இந்த வாழ்க்கையை முழுதும் வீணென்று ஒதுக்குவது அவசரத் தீர்ப்பாகும். நண்பனுக்காகத் தன் பாதுகாப்பை விட்டு ஓடும் பண்பு அந்த ஆட்டத்தில் இருக்கிறது. தோற்ற பின் பிழையை ஆராய்வதும் இருக்கிறது. 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டு கண்காட்சிப் பிரிவாக இடம்பெற்றபோது, குஜராத்தின் புஜ் நகரைச் சேர்ந்த தீர்த் மேத்தா வெண்கலப் பதக்கம் பெற்றார். 2023-இல் ஹாங்சோவில் நடந்த போட்டியில் அது முறையான பதக்கப் பிரிவாகவே ஆயிற்று. ஆக, ஆட்டம் நல்லதா தீயதா என்பது உண்மையான கேள்வியன்று. குவிந்திருக்கும் அந்த மனம் யாருடைய ஆட்சியில் இருக்கிறது என்பதே கேள்வி.

யோக சூத்திரத்திற்கு உரை வகுத்த வியாசர் மனத்தின் நிலைகள் ஐந்து என்கிறார்: அலைபாயும் நிலை, மந்த நிலை, இடையிடையே நிலைத்துப் பின் சிதறும் நிலை, ஒருமுகப்பட்ட நிலை, முற்றும் அடங்கிய நிலை. கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று அவ்வுரையில் உண்டு. மனம் எதிலேனும் சற்று நிலைத்துவிட்டது என்பதாலேயே அதனை யோகம் என்று அவர் ஏற்பதில்லை. அச்சத்தில் நடுங்குபவனின் மனமும் ஒன்றிலேயே நிற்கிறது. பாம்பின் முன் நிற்கும் தவளைக்கும் ஒருமைப்பாடு இல்லை என்று சொல்ல முடியாது. கவனத்தை ஒருவன் பற்றியிருக்கிறானா, அல்லது கவனம் பறிக்கப்பட்டிருக்கிறதா? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே போலத் தெரியும். அந்த மனத்தை விலக்க முயலும் கணத்தில்தான் வேறுபாடு வெளிப்படும். மனத்தை ஒன்றில் குவிக்கும் ஆற்றலோடு, வேண்டும்போது அதிலிருந்து விலக்கிக்கொள்ளும் ஆற்றலையும் சேர்த்தே வளர்க்க வேண்டும் என்று சுவாமி விவேகானந்தர் வலியுறுத்தியது இதனால்தான். முதல் பாதியை மட்டும் கல்வி என்று கொண்டவர்கள் இரண்டாம் பாதியை மறந்துவிட்டனர்.

விளையாட்டு நம் மரபில் இழிவான சொல்லன்று. இறைவன் உலகைப் படைத்ததன் நோக்கம் என்ன என்ற வினாவுக்குப் பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் தரும் விடையே 'லீலை' என்பதுதான். ஆசைகளெல்லாம் நிறைவேறிய அரசன் ஒருவன் யாதொரு பயனும் கருதாமல் விளையாடுவதை ஆதிசங்கரர் அங்கே உவமை காட்டுகிறார். குறை இருப்பதால் அவன் ஆடவில்லை. நிறைவாக இருப்பதால் ஆடுகிறான். மேலைநாட்டுச் சிந்தனையாளர்களும் வேறொரு வழியாக இதன் அருகே வந்திருக்கின்றனர். டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹூயிசிங்கா 1938-இல் எழுதிய நூலில், விளையாட்டுக்குத் தனக்கென ஓர் இடமும் காலமும் உண்டு என்பதை அதன் முதன்மை இலக்கணங்களுள் ஒன்றாகக் கொண்டார். பெர்னார்ட் சூட்ஸ் என்னும் தத்துவப் பேராசிரியர் 1978-இல், தேவையில்லாத தடைகளைத் தானே விரும்பி ஏற்று அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு என்ற கருத்தை முன்வைத்தார். 'தானே விரும்பி' என்பதே இதில் உயிர்நாடி. அது நீங்கினால் எஞ்சுவது வேலை, கூலியில்லாத வேலை.

நம் ஊர் விளையாட்டுகளில் முடிவு என்பது ஆட்டத்துக்குள்ளேயே அமைந்திருந்தது. சடுகுடு பாடிச் செல்பவனுக்கு அவன் மூச்சே எல்லை. மூச்சு அறுந்தால் ஆள் அவுட். கில்லி ஆடும் சிறுவர்களுக்கு அந்தி எல்லை. கட்டை கண்ணுக்குத் தெரியாவிட்டால் எப்படி ஆடுவது? வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்துப் பரமபதம் ஆடும் வழக்கம் தமிழ் வீடுகளில் இருந்தது. பாம்பு எத்தனை முறை விழுங்கினாலும் அந்தக் கட்டத்துக்கு மேலே ஓர் இடம் உண்டு. அங்கே சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. பொழுது விடிந்ததும் அட்டையைச் சுருட்டிப் பரணில் வைத்துவிடுவார்கள். கைபேசிக்கு மூச்சு இரைப்பதில்லை. அதற்கு அந்தியும் இல்லை.

இப்போது நூறு பேர் வானிலிருந்து ஒரு தீவில் குதித்துச் சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் போரிடும் ஆட்டத்தைப் பார்ப்போம். பப்ஜி என்ற பெயரில் அது 2020 செப்டம்பரில் நம் நாட்டில் தடை செய்யப்பட்டு, 2021-இல் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் திரும்பியது. தனித்தனியாகப் பார்த்தால் அந்த ஆட்டத்துக்கு முடிவு உண்டு. ஏறத்தாழ அரை மணியில் ஒருவர் அல்லது ஒரு குழு மட்டும் எஞ்சும். முடிவற்றதாக இருப்பது ஆட்டத்தைச் சுற்றி எழுப்பப்பட்டுள்ள மாளிகை. இன்று உள்ளே வராவிட்டால் இழக்கக்கூடிய அன்றாடப் பரிசு, சில வாரங்களில் காலாவதியாகும் 'சீசன்', திறந்தால் என்ன கிடைக்கும் என்று தெரியாத பெட்டி ஆகியவை அம்மாளிகையின் அறைகள். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகள் இங்கே நினைவுக்கு வரும். இத்தனை முறை கொத்தினால் தீனி என்ற உறுதி இருந்தபோது புறா தீனியைத் தின்றபின் சற்று ஓய்ந்தது. எத்தனையாவது கொத்தில் தீனி விழும் என்று தெரியாதபோது ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது. பெட்டியை வடிவமைப்போர் இதை அறியாதவர்கள் அல்லர். அத்தகைய பெட்டிகளைப் பணத்துக்கு விற்பது சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018-இல் முடிவு செய்தது.

திருவள்ளுவருக்கு இது புதிய செய்தியாக இருந்திராது. சூது என்ற தொண்ணூற்று நான்காம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே அவர் தோல்வியைக் காட்டி அச்சுறுத்தவில்லை. வெற்றியைத்தான் தூண்டிலாகக் காண்கிறார். தோற்றவன் எழுந்து போய்விடக்கூடும். எப்போதோ ஒருமுறை வென்றவனால் எழ முடிவதில்லை. அதற்கு முந்திய அதிகாரம் கள்ளைப் பற்றியது, பிந்தியது மருந்தைப் பற்றியது என்பதும் சுவையான அமைப்பு.

அரசுகள் இச்சிக்கலை நேரக் கணக்கில் பிடிக்க முயன்றுள்ளன. சீனா 2021-இல், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே இணையத்தில் ஆடலாம் என்றது. தமிழ்நாடு 2025 பிப்ரவரியில், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை கதவடைத்தது. சென்னை உயர் நீதிமன்றமும் ஜூன் மாதத்தில் அதை ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒருபடி மேலே சென்று, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை முற்றாக விலக்கி, மின்விளையாட்டைத் தனியே பிரித்து அங்கீகரித்தது. கடன் சுமையால் சிதைந்த குடும்பங்களை நினைத்தால் இச்சட்டங்களின் தேவையை மறுக்க இயலாது.

ஆயினும் உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் 'விளையாட்டுக் கோளாறு' எவ்வாறு விளக்கப்பட்டிருக்கிறது என்பது கருதத்தக்கது. அங்கே மணிக்கணக்கு இல்லை. ஆட்டத்தின் மீது கட்டுப்பாடு குறைதல், வாழ்வின் மற்றவற்றைவிட அது முதன்மை பெறுதல், தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்தல் ஆகியவையே அடையாளங்கள். ஆறு மணி நேரம் பயின்றுவிட்டுக் கருவியைக் கீழே வைக்கும் போட்டியாளன் நலமாக இருக்கக்கூடும். அரை மணி நேரமே ஆடினாலும் மீதிப் பொழுதெல்லாம் அதையே அசைபோடுபவன் கட்டுண்டவனாக இருக்கக்கூடும். கீதையின் ஆறாம் அத்தியாயம் யோகிக்கு உணவையும் உறக்கத்தையும் போலவே பொழுதுபோக்கையும் அளவோடு அனுமதிக்கிறது. அளவு எத்தனை நாழிகை என்று அது சொல்லவில்லை.

கட்டிலிருந்து மீள்வது எவ்வாறு? இதற்கு மகாபாரதத்தில் வரும் நளன் கதையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. புட்கரனிடம் நாட்டை இழந்து, தமயந்தியைப் பிரிந்து, உருவம் மாறிப் பாகனாகத் திரிந்தான் நளன். அத்தனை துன்பம் பட்டும் அவனுக்குள் புகுந்த கலி வெளியேறவில்லை. துன்பம் மட்டுமே ஒருவனைத் திருத்திவிடும் என்று நம்புவோர் இதைக் கவனிக்க வேண்டும். வழியில் ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் பார்வையாலேயே எண்ணிச் சொன்ன இருதுபன்னன், தேர் ஓட்டும் வித்தைக்கு ஈடாக, பகடையின் உட்பொருளை அவனுக்குக் கற்றுக் கொடுத்தான். அதை அறிந்த கணத்தில்தான் கலி நஞ்சைக் கக்கிக்கொண்டு வெளியேறினான். சூதில் அனைத்தையும் இழந்து வனத்தில் வாடிய தருமனுக்கு இக்கதையைச் சொன்ன பிருகதசுவ முனிவர், 'இனிப் பகடையைத் தொடாதே' என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போய்விடவில்லை; அந்த வித்தையையே அவனுக்கும் அளித்துச் சென்றார்.

பகடை எப்படி உருள்கிறது என்று தெரியாதவனைத்தான் பகடை ஆள்கிறது. இன்றைய இளைஞனுக்கோ அந்த அறிவு எட்டாததன்று. கருவியின் சில்லு முதல் திரை வரை அவன் அறிவான். பெட்டி ஏன் அந்த நேரத்தில் மின்னுகிறது, நாள்தோறும் வரச் சொல்லும் பரிசினால் யாருக்கு ஆதாயம், தன் பார்வை நிற்கும் ஒவ்வொரு நொடியும் எங்கே கணக்கெழுதப்படுகிறது என்று அதே ஆர்வத்தோடு அவன் ஆராய்ந்தால் தந்தையைவிட நன்றாகவே புரிந்துகொள்வான். தந்தையோ, பாவம், தம் கைபேசியில் கிரிக்கெட் துணுக்குகளை விரலால் தள்ளிக்கொண்டே, "எந்நேரமும் அதுதானா?" என்று அதட்டிக்கொண்டிருக்கிறார்.

அதட்டல் பெரும்பாலும் தவறான நேரத்திலேயே வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டத்தின் நடுவில் கருவியைப் பிடுங்கினால், மகன் தன்னை நம்பிய மூன்று நண்பர்களைக் கைவிட்டவனாகிறான். அவன் சீறுவதில் ஓரளவு அறமும் இருக்கிறது. ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் திரையில் ஒரு பொத்தான் தோன்றும். விரல் அதை நோக்கித் தானாகவே நகரும். அந்தச் சில நொடிகள்தான் பழைய விளையாட்டுகளின் அந்திப் பொழுது. மனம் யாருடையது என்பது அங்கேதான் தெரியும். இதை உணர்ந்த தந்தை கதவருகில் நின்று, "இந்த ஆட்டம் முடிய இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்டா?" என்று கேட்கிறார். "பத்து நிமிஷம்ப்பா" என்கிறான் மகன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. அவர் உள்ளே வந்து, தம் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அருகில் அமர்கிறார்.