சினம் கொள்ளும் பிள்ளையும் பெற்றோரின் பொறுப்பும்

தொழுகை முடிந்து ஜமாஅத் கலையும் நேரத்தில் இமாமிடம் தயங்கித் தயங்கி வந்து நிற்கும் தகப்பன்மார்கள் எந்த ஊரிலும் உண்டு. “ஹழ்ரத், பையனுக்குப் பன்னிரண்டு வயதாகிறது. போன வருடம் வரை சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளை. இப்போது திடீர் திடீரென்று கத்துகிறான். கையில் அகப்பட்டதை வீசி எறிகிறான். கொஞ்சம் ஓதி ஊதுங்கள்” என்பார்கள்.

வாலாஜாபாத்தைப் போன்ற ஊர்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்தாம் அதிகம். ஒரு வீட்டுக் கூச்சல் நான்கு வீடுகளுக்குக் கேட்கும். ஆகவே பிள்ளையின் கோபத்தைவிட, அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கமே தகப்பனாரை முதலில் சுடுகிறது. அந்தச் சூட்டில்தான் கை ஓங்குகிறது. ஆத்திரத்தில் கத்தும் பிள்ளை குற்றவாளியா, அல்லது துன்பத்தில் இருப்பவனா? அவன் எதிரில் பேசாமல் நிற்கும் தகப்பனார் தம் மரியாதையை இழந்துவிடுகிறாரா? இவ்விரு கேள்விகளையும் நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும்.

முதல் கேள்விக்கு ஃபிக்ஹுச் சட்டமே அழகாக வழி காட்டுகிறது. பருவமடையாத பிள்ளையின் மீது பாவம் எழுதப்படுவதில்லை. எழுதுகோல் அவனை விட்டும் உயர்த்தப்பட்டிருக்கிறது. ஆனால் அதே பிள்ளை பிறர் பொருளை உடைத்துவிட்டால், அந்த நட்டத்துக்கு ஈடு கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்ட மேதைகள் கூறுகிறார்கள். அதாவது, பாவி என்ற பெயர் அவனுக்கு இல்லை. செய்த காரியத்தின் பொறுப்பு உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் வீடுகளில் தொல்லை வருகிறது. சிலர் பொறுப்பைக் கேட்கப் போய், “நீ உருப்படமாட்டாய்” என்று பிள்ளையையே பாவியாக்குகிறார்கள். வேறு சிலர், சின்னப்பிள்ளைதானே என்று பொறுப்பையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தர்பியத் ஆகாது.

அடுத்த கேள்விக்கு ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்களின் வாழ்க்கையைப் பாருங்கள். சுமார் பத்து வயதில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பணிவிடைக்கு வந்தார்கள். ஒருநாள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பியபோது, போகமாட்டேன் என்று சத்தியமிட்டே சொல்லிவிட்டார்கள். உள்ளத்திலோ போகவேண்டும் என்ற எண்ணம்தான் இருந்தது என்று பிற்காலத்தில் அவர்களே அறிவிக்கிறார்கள். வெளியே வந்தவர்கள், கடைவீதியில் விளையாடிக் கொண்டிருந்த சிறுவர்களிடம் நின்றுவிட்டார்கள். பின்னால் வந்த நாயகம் (ஸல்) அவர்கள் பிடரியைப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் புன்சிரிப்பு! செல்லப் பெயரிட்டு அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று மட்டும் கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார்கள் அனஸ் (ரலி).

பிள்ளையின் வாய் ஒன்றைச் சொன்னது. உள்ளத்தில் வேறொன்று இருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் வாய்க்குப் பதில் சொல்லவில்லை. உள்ளத்துக்குப் பதில் சொன்னார்கள். அப்படியிருந்தும் சொன்ன வேலையை விட்டுக்கொடுக்கவுமில்லை. மரியாதை எங்கே குறைந்தது?

இன்னொன்றையும் கவனியுங்கள். பெற்றோரிடம் ‘சீ’ என்றுகூடச் சொல்லலாகாது என்பது பிள்ளைகளுக்குத் திருமறை (17:23) இடும் கட்டளை. இதை நாம் பிள்ளைகளிடம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். பத்தாண்டுப் பணிவிடையில் நாயகம் (ஸல்) அவர்கள் தம்மை ஒருமுறைகூட ‘சீ’ என்றதில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் சாட்சி சொல்வதை எத்தனை பேர் நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம்? பிள்ளை எந்தச் சொல்லைச் சொல்லக்கூடாதோ, அந்தச் சொல்லை அவன் நம் வாயிலிருந்து கேட்டுப் பழகக்கூடாது.

“பத்து வயதில் தொழாவிட்டால் அடிக்கச் சொல்லப்பட்டிருக்கிறதே?” என்று சிலர் கேட்பார்கள். ஏழு வயதிலிருந்து மூன்று ஆண்டுகள் பொறுமையாக ஏவிய பிறகு வருவது அது. காயப்படுத்தலாகாது, முகத்தில் கை படலாகாது என்று உலமாக்கள் அதற்கும் வரம்பு கட்டியிருக்கிறார்கள். நம் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ள அதில் இடமே இல்லை. நாயகம் (ஸல்) அவர்கள் போர்க்களத்தில் தவிர யாரையும் தம் கையால் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கோபத்தில் இருக்கும் காஜி தீர்ப்பளிக்கலாகாது என்பதும் ஹதீஸே. வீட்டுக்குக் காஜி தகப்பனார்தாமே!

நம் வட்டாரத்தில் தறி ஓசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். இழை அறுந்தால் நெசவாளர் இன்னும் ஓங்கி அடிப்பதில்லை. தறியை நிறுத்துகிறார், அறுந்த முனைகளைத் தேடி முடிச்சிடுகிறார், பிறகே நெய்கிறார். இங்கும் அதே வரிசைதான்.

முதலில் நிறுத்துவது. நின்றிருந்தால் உட்காருங்கள், உளூச் செய்யுங்கள். தம்பி தங்கைகளை அப்பால் அனுப்புங்கள். குரலை உயர்த்தாதீர்கள், அந்த நேரத்தில் உபதேசமும் வேண்டாம்.

அடுத்து, முனையைத் தேடுவது. ஆத்திரத்தை அடக்கும் மூளைப் பகுதி முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ இருபத்தைந்து வயதாகிறது என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. நள்ளிரவு வரை கைபேசியைப் பார்த்துவிட்டு விடியலில் எழுப்பப்படும் பிள்ளை எரிந்து விழுவதில் வியப்பென்ன? பள்ளியில் யாரேனும் இழிவுபடுத்துகிறார்களா, பாடம் புரியவில்லையா, வீட்டில் தாய் தகப்பன் சண்டையா என்று விசாரியுங்கள். பெரியவர்களிடம் சோர்வாகத் தெரியும் மனநோய், பிள்ளைகளிடம் எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படுவதுண்டு. வாரக்கணக்கில் கோபம் நீடித்தாலும், ஊணும் உறக்கமும் கெட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தினாலும், சாவைப் பற்றிப் பேசினாலும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசியில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். துஆ கேளுங்கள், ஓதியும் பாருங்கள். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

இறுதியாக, முடிச்சிடுவது. மனம் ஆறியதும், உடைந்ததை அவனே கூட்டி அள்ளட்டும்; அடிபட்ட தங்கையிடம் மன்னிப்புக் கேட்கட்டும்; நட்டத்தில் ஒரு பங்கைத் தன் பெருநாள் காசிலிருந்து கொடுக்கட்டும். அத்துடன் அந்தக் கணக்கு முடிந்தது. விருந்தாளி வரும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டாதீர்கள்.

கோபத்தை வேரோடு பிடுங்க மார்க்கம் சொல்லவில்லை. அதை அறிவுக்கும் ஷரீஅத்துக்கும் கட்டுப்படுத்தவே சொல்கிறது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விளக்குகிறார்கள். அந்தக் கட்டுப்பாட்டைப் பிள்ளை கிதாபில் படித்துத் தெரிந்துகொள்ளப் போவதில்லை. தன் எதிரில், அடிக்க வலுவிருந்தும் அடிக்காமல் உட்கார்ந்திருக்கும் தகப்பனாரிடம்தான் முதன்முதலாக அதைக் காண்கிறான்.

பிள்ளைகள் என்னும் அமானிதத்தைப் பொறுமையோடும் பொறுப்போடும் பேணி வளர்க்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.