யாருடைய சொற்களை எண்ணுகிறோம்?

மகளுக்கு இரண்டேகால் வயதானபோது என் கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். வரிசையாக ஆங்கிலச் சொற்கள். குழந்தை சொல்லும் சொல்லுக்கு நேரே டிக் போட வேண்டும். மில்க், வாட்டர், ஷூ, டாக். நான் தமிழ் வீட்டிலிருந்து தெலுங்கு வீட்டுக்கு வந்த மருமகள். மகள் என்னிடம் தண்ணி கேட்பாள், அவள் அவ்வாவிடம் நீள்ளு கேட்பாள். இரண்டுக்கும் அந்தத் தாளில் இடமில்லை. டிக் குறைந்துபோனது. தாளை வாங்கிப் பார்த்தவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "வீட்டுல ஒரே லாங்குவேஜ் பேசுங்கம்மா. குழந்தை குழம்புது." பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரிடம் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, "அத்தை, பாப்பாகிட்ட தமிழ்லயே பேசுங்களேன்" என்று சொன்னவள் நான்தான். அவருடைய மகன் சொல்லவில்லை. அத்தை சரி என்றார். அதன்பின் குழந்தையைத் தூங்க வைக்கும்போது அவர் பாடுவது நின்றுவிட்டது. அவருக்குத் தமிழில் தாலாட்டு தெரியாது.

அந்த அறிவுரை தவறு என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளரும் குழந்தைகளை பார்பரா பியர்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆராய்ந்து 1993இல் எழுதினார்கள். ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் குழந்தை பின்தங்கியதுபோலத் தெரியும். இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணினால் ஒருமொழிக் குழந்தைகளுக்குச் சமமாகவே நிற்கும். கோளாறு எண்ணும் முறையில் இருந்தது. எங்கள் வீட்டில் அதற்கான தண்டனையை அனுபவித்தவர் அத்தை.

ஆத்திரத்தில் இந்தத் துறையின் பழைய கதைகளைத் தேடிப் படித்தேன். இருமொழிக் குழந்தையைப் பற்றிய முதல் பெரிய புத்தகங்களில் ஒன்று பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரொன்ஷா 1913இல் எழுதியது. 'ஒருவருக்கு ஒரு மொழி' என்று இன்றும் பெற்றோருக்குச் சொல்கிறார்களே, அது பரவியது அந்தப் புத்தகத்தால்தான். அவர் மனைவி ஜெர்மானியர். மகன் லூயியிடம் தாய் ஜெர்மன் மட்டும், தந்தை பிரெஞ்சு மட்டும். குறிப்பெடுத்தவர் தந்தை. பிறகு அமெரிக்காவில் வெர்னர் லியோபோல்ட் தன் மகள் ஹில்டகார்டின் பேச்சை நான்கு தொகுதிகளாக, 1939க்கும் 1949க்கும் இடையில் வெளியிட்டார். இரண்டுமே அரிய உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் படிக்கும்போது எனக்கு ஒரு காட்சி வந்துகொண்டே இருந்தது: மேசையில் நோட்டுப் புத்தகத்தோடு ஆண், தரையில் குழந்தையோடு பேசிக்கொண்டிருக்கும் பெண். அவள் அந்த மொழியில் களைத்துப்போனாளா, யாருமற்ற ஊரில் ஒற்றை ஆளாக ஒரு மொழியைத் தூக்கிச் சுமப்பது எப்படி இருந்தது என்று எழுத அவளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் இல்லை.

பெண்கள் ஆய்வு செய்தால் எல்லாம் மாறிவிடும் என்றும் சொல்ல முடியாது. 1995இல் பெட்டி ஹார்ட்டும் டாட் ரிஸ்லியும் வெளியிட்ட புத்தகத்திலிருந்துதான் அந்தப் பிரபலமான '3 கோடிச் சொல் இடைவெளி' வந்தது. கேன்சஸ் நகரில் 42 குடும்பங்கள், மாதம் ஒரு மணி நேரப் பதிவு. அதில் அரசு உதவித்தொகையில் வாழ்ந்தவை ஆறே ஆறு குடும்பங்கள், ஆறும் கறுப்பினத்தவை. அவர்கள் ஆராய்ந்தது ஆங்கிலம் மட்டும் பேசும் வீடுகளைத்தான். ஆனால் ஏழைத் தாய் போதுமான அளவு பேசுவதில்லை என்ற எண்ணம் அங்கிருந்து கிளம்பி, வேறு மொழி பேசும் வீடுகளின் கதவையும் தட்டியது. 2019இல் ஸ்பெர்ரி தம்பதியும் பெக்கி மில்லரும், பெற்றவளைத் தவிர வீட்டில் மற்றவர்கள் குழந்தையோடு பேசுவதையும், பக்கத்தில் இருந்து குழந்தை கேட்கும் பேச்சையும் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த இடைவெளி அப்படியே கிடைக்கவில்லை. பாட்டியும் அக்காவும் எதிர்வீட்டுக்காரியும் கணக்கில் வந்தவுடன், வாயில்லாதவள் என்று சொல்லப்பட்ட தாயின் வீடு பேச்சால் நிறைந்திருந்தது.

அறிவியல் தன் தவறைத் திருத்திக்கொள்கிறது என்று இதற்குப் பதில் சொல்வார்கள். உண்மைதான். 1923இல் வேல்ஸில் டி. ஜே. சேர், கிராமத்து இருமொழிக் குழந்தைகள் அறிவுச் சோதனையில் பின்தங்குகிறார்கள் என்றார். 1962இல் மொன்றியலில் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் குடும்ப வசதியைச் சமன்செய்து பார்த்தார்கள். இருமொழிக் குழந்தைகள் முந்தியிருந்தார்கள். பிறகு இருமொழியால் மூளைக் கூர்மை வருகிறது என்றார்கள். இப்போது அதிலும் சச்சரவு. முடிவு இந்தப் பக்கம் சாய்ந்தபோது "உன் மொழியை நிறுத்து" என்றார்கள், அந்தப் பக்கம் சாய்ந்தபோது "உன் மொழியை விடாதே" என்கிறார்கள். இரண்டு கட்டளையும் போய்ச் சேரும் விலாசம் ஒன்றே. பிரிட்டனில் வாழும் ஜப்பானியத் தாய்களைப் பற்றி தொஷியே ஒகிதா 2002இல் எழுதிய புத்தகத்துக்குத் தலைப்பே 'கண்ணுக்குத் தெரியாத உழைப்பு'. சமையலும் துணியும் போல, மொழியைக் கைமாற்றுவதும் ஊதியமற்ற வேலை என்று அவர் காட்டினார். அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

ஆகவே, மூளைக்கு நல்லது என்பதற்காக என் மொழியை என் குழந்தையோடு பேசும் உரிமை எனக்கு வேண்டாம். அந்த நியாயத்தை ஏற்றால், நாளை இன்னொரு ஆய்வு நன்மை இல்லை என்று சொல்லும்போது நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். தான் பெற்று வளர்த்த குழந்தைக்குத் தான் பேசுவது புரிய வேண்டும் என்று ஒருத்தி கேட்பதற்குப் புள்ளிவிவரம் தேவையா? லில்லி வாங் ஃபில்மோர் 1991இல் அமெரிக்கக் குடியேறிகள் குடும்பங்களைப் பற்றி எழுதியது இதைத்தான் நினைவூட்டுகிறது: பாலர் பள்ளியிலேயே ஆங்கிலத்துக்கு மாறிய குழந்தைகளிடம் தாய் தந்தையர் புத்தி சொல்லவோ, தங்கள் கதையைச் சொல்லவோ வழியில்லாமல் நின்றார்கள்.

இதை எழுதும்போதே ஒரு தோழி நினைவுக்கு வருகிறாள். சேரிப் பேச்சு என்று வகுப்பில் சிரிக்கப்பட்டவள். தன் மகனோடு வேண்டுமென்றே ஆங்கிலம் பேசுகிறாள். "அந்தத் தமிழை அவனுக்கு எதுக்குக் குடுக்கணும்? அடி வாங்கவா?" என்று கேட்டாள். தாய்மொழியைக் கொடுப்பது தாயின் கடமை என்று நான் சொன்னால், முதலில் அவளைத்தான் குற்றவாளி ஆக்குவேன். கொடுக்கவும் மறுக்கவும் அவளுக்கு உரிமை உண்டு என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது. அப்படியானால் மகனுடைய உரிமை? ஆயாவின் பேச்சு அவனுக்கும் சேர்ந்ததுதானே? அவளிடம் இதைக் கேட்க எனக்குத் துணிவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்த வகுப்பில் நானும் இருந்தவள்.

அந்த அறிவுரை பொய் என்று தெரிந்த அன்றே அத்தையிடம் சொன்னேன், இனி தெலுங்கிலேயே பேசுங்கள் என்று. பேசுகிறார். மகளுக்கு இப்போது பதினொரு வயது. அவ்வா கேட்பது அவளுக்குப் புரிகிறது, தமிழில் பதில் சொல்கிறாள். ஆனால் அவ்வா தன் தங்கையோடு போனில் ஏதோ சொல்லி வயிறு குலுங்கச் சிரிக்கும்போது மகள் என் பக்கம் திரும்புகிறாள், நான் சொல்வேன் என்று. எனக்கும் பாதிதான் புரிகிறது. அவள் அப்பாவைக் கேள் என்கிறேன்.