அளந்து குடிக்கும் தண்ணீர்

என்னைப் பார்க்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "பம்பிங் எவ்வளவு இருக்கு?" என்பதைத்தான். முப்பது என்று சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. நூற்றுக்கு முப்பது மதிப்பெண் என்று கணக்குப் போடுகிறார்கள். நல்ல இதயமே தன் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதம் வரைதான் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும். நூறு என்பது யாருக்கும் கிடையாது. என் இதயம் தள்ளுவது அதில் ஏறக்குறைய பாதி. மாரடைப்பில் செத்த தசை திரும்ப வராது. மிச்சமிருக்கும் தசை எனக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது.

இதயம் தள்ளும் ரத்தம் குறைந்தவுடன், உடம்பில் ரத்தமே குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் எடுத்துக்கொள்கிறது. உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்த நீர் முதலில் கணுக்காலில் இறங்கும், பிறகு நுரையீரலில் கோத்துக்கொள்ளும். படுத்தால் மூச்சு முட்டும். தலையணை மேல் தலையணை போட்டும் பலிக்காமல், நள்ளிரவில் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பயம் தெரியும்.

அந்த இரவு திரும்ப வராமல் இருக்கத்தான் எங்கள் வீட்டுக் காலை ஒரு ஒழுங்கில் தொடங்குகிறது. சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன், எடை மெஷினில் ஏறி நிற்கிறேன். மனைவி குனிந்து எண்ணைப் படித்து, தினசரி காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதுகிறாள். பிறகு கட்டை விரலால் என் முன்னங்கால் எலும்பின் மேல் அழுத்தி எடுப்பாள். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி. ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணீர், காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து ஒன்றரை லிட்டர். சித்திரை வெயிலில் பாலாற்று மணல் கொதிக்கிற ஊரில் அது எவ்வளவு குறைவு என்று சொல்லத் தேவையில்லை.

தண்ணீரைவிடக் கடினம் உப்பு. ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தியாகிவிட்டது. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். இட்லி மாவைக் கரைக்கும்போதே உப்புப் போட்டுவிடுகிறோம் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு மாவு உப்பில்லாமல் பொங்குகிறது. எலுமிச்சை, மிளகு, சீரகம், வறுத்த மல்லி என்று மருமகள் ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டாள். "இந்துப்பு சேர்த்துக்கலாம், அது ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லாத உறவினர் இல்லை. இந்துப்பிலும் இருப்பது சோடியம்தான். சோடியம் குறைந்தது என்று கடையில் விற்கும் உப்பு இன்னொரு வகை ஆபத்து. அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். என்னைப் போல ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ரத்தத்தில் ஏறினால் இதயத்தின் தாளமே குலைந்துவிடும்.

குழந்தைகள் எதற்கு என்னால் சப்பென்று சாப்பிட வேண்டும், எனக்குத் தனியாக வையுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். மருமகள் கேட்கவில்லை. "தனியா வச்சா ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் கை மாறிப் போயிடும் மாமா. எல்லாருக்கும் ஒரே குழம்பு, வேணுங்கறவங்க தட்டுல போட்டுக்கட்டும்" என்றாள். என் மனைவி கும்பகோணத்துக்குப் பக்கத்து உப்பிலியப்பனை நினைவுபடுத்தினாள். மார்க்கண்டேய முனிவர், தன் மகள் சின்னப் பெண், உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாது என்று தயங்க, உப்பில்லாமலே உண்கிறேன் என்று ஒப்புக்கொண்டு அவளைக் கைப்பிடித்த பெருமாள் அவர். இன்றைக்கும் அந்தக் கோயிலில் நிவேதனத்துக்கு உப்புக் கிடையாது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். உப்பில்லாத தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. கொடுப்பது பெரிது என்றே நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஒருத்தியால் என்ன முடியுமோ அதை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வதும் தெய்வ குணம் என்று அந்தக் கதை சொல்கிறது. குடும்பத்தைத் தாங்கிப் பழகிய ஆணுக்கு இந்த வியாதியில் வருகிற முதல் சோதனையே இதுதான் என்று நினைக்கிறேன். மூச்சு வாங்குவதைக்கூடத் தாங்கிக்கொள்கிறான். தான் குடிக்கும் தண்ணீரை இன்னொருவர் அளந்து கொடுப்பதை அவனால் தாங்க முடிவதில்லை.

நம்பிக்கை எனக்குத் துணையாக இருக்கிறது. எங்கள் ஊர் மலைமேல் இருக்கும் லட்சுமி நரசிம்மர் சன்னதிக்கு இப்போது என்னால் படியேற முடிவதில்லை. சுவாதி நட்சத்திரத்தில் மனைவி போய்த் துளசி கொண்டுவந்து தருகிறாள். பயம் வருகிற ராத்திரிகளில் அந்தப் பெயரைச் சொல்கிறேன், பயம் தணிகிறது. இதற்கு மேல் அதை விளக்க எனக்குத் தெரியாது, விளக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஆனால் நம்பிக்கையின் பெயரால் செய்யப்படும் ஒரு காரியம் என்னை வருத்துகிறது. வேண்டுதல் வைத்தாயிற்று, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை விரதமென்று காலை மாத்திரையைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை. ஆனாலும் தபாகிளிஃப்ளோசின் தருகிறார்கள். சர்க்கரைக்கென்று வந்த அந்த மருந்து, சர்க்கரை இல்லாத இதய நோயாளிகளுக்கும் பலன் தருகிறது என்று 2019இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. "சுகர் இல்லாதவனுக்கு சுகர் மாத்திரை எதுக்கு, நிறுத்து" என்று அன்போடு சொல்கிறவர்களிடம் இதை நான் பொறுமையாகச் சொல்கிறேன். விரதம் இருந்தே தீர வேண்டும் என்கிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். மாத்திரைக் கணக்கை மாற்ற வேண்டியிருந்தால் அவர் சொல்வார்.

பக்தியும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று எங்கள் ஊர்ப்பக்கத்தில் யாரும் நினைக்க முடியாது. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டு. நிவேதனத்துக்கு, திருவிழாவுக்கு, வேதம் படிக்கும் மாணவர்களின் சாப்பாட்டுக்கு என்று கோயில் செலவை வரிசையாகச் சொல்லிவரும் அந்தக் கல்வெட்டு, வீரசோழன் என்ற ஆதுலர்சாலைக்கும், அதாவது மருத்துவமனைக்கும், கணக்குச் சொல்கிறது. 15 படுக்கைகள். கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்ற வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், மருந்து காய்ச்சவும் நோயாளிகளைப் பார்க்கவும் பெண்கள், நாவிதர். இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்கூட உண்டு. கடுக்காய் சேர்ந்த மருந்துகள், ஆமணக்குத் தைலங்கள், பழைய நெய். பெருமாளுக்குப் படைக்கிற அதே கையால் நோயாளியின் படுக்கைக்கும் நெல் அளந்திருக்கிறார்கள்.

என் வியாதிக்கு இந்தக் காலத்துக் கணக்கு ஒன்றும் உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2013இல் இதயச் செயலிழப்போடு மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்துப் பதிவு செய்தார்கள். ஐந்து ஆண்டுக்குள் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இல்லை. நெறிமுறைப்படி மருந்து கிடைத்தவர்கள் கூடுதல் காலம் இருந்தார்கள். என் மகன் இதை என்னிடம் மறைத்து வைத்திருந்தான். தெரிந்தபோது கலங்கினேன், ஆனால் மறைத்திருக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். எவ்வளவு காலம் என்பது தெரிந்தவர்களுக்குத்தான் யாரோடு எப்படி அதைக் கழிப்பது என்று யோசிக்கத் தோன்றும்.

அப்படி யோசித்தபோது அந்தத் திருமுக்கூடல் கல்வெட்டில் இன்னொன்று கண்ணில் பட்டது. வைத்தியருக்குப் பெயர் இருக்கிறது. மருந்து காய்ச்சிய பெண்களுக்குப் பெயர் இல்லை. ஆனாலும் அவர்கள் உழைப்புக்கு ஊதியம் உண்டு என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். என் மனைவிக்கு அதுகூட இல்லை. எனக்கு நோயாளி அட்டை உண்டு, வீடு தேடி வந்து விசாரிக்கும் சுகாதாரப் பணியாளர் உண்டு, பம்பிங் கேட்கும் ஊரே உண்டு. நான் இருமினால் எழுந்து, இருமாவிட்டால் மூச்சு வருகிறதா என்று பார்க்க எழுந்து, வருடக்கணக்கில் முழுத் தூக்கம் தூங்காத அவளை "உனக்கு எப்படி இருக்கு?" என்று யாரும் கேட்பதில்லை. அவளுக்கும் ரத்த அழுத்தம் இருப்பது, நான் வற்புறுத்தி வாலாஜாபாத் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோதுதான் தெரிந்தது. இப்போது அவள் மாத்திரையும் என் டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவள் போட்டாளா என்று பார்ப்பது என் வேலை.

தை பிறந்தால் காஞ்சி வரதர் பாரிவேட்டைக்கு எங்கள் ஊருக்கு எழுந்தருளுவார். மலைமேல் சேவை முடிந்து, ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார். சுற்றுவட்டாரத்துப் பெருமாள்களும் அங்கே வந்து சேர்வார்கள். நான் படுத்ததிலிருந்து மனைவி அந்தப் பக்கம் போகவில்லை. இந்த முறை பேரப்பிள்ளைகளோடு போகச் சொல்லியிருக்கிறேன். ராத்திரி அங்கேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கித் தூங்கிவிட்டு வரட்டும். தம்பி மகன் வந்து என் பக்கத்தில் படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். நீர் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது, எந்த நம்பருக்குப் போன் செய்ய வேண்டும், காலில் எங்கே அழுத்திப் பார்க்க வேண்டும் என்று அவள் இப்போதே அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள்.