யாருடைய ஊர், யாருடைய நலன்?

ஒஸ்லோவின் பழைய கட்டடங்கள் பலவற்றில் சிறிய நீலப் பலகைகள் பொருத்தப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கட்டடம் எழுந்த ஆண்டு, அங்கு வாழ்ந்த எழுத்தாளர் அல்லது அரசியல்வாதியின் பெயர் என்று ஓரிரு வரிகள் அவற்றில் இருக்கும். இவற்றைப் பொருத்துவது 'ஒஸ்லோ பியஸ் வெல்' என்ற அமைப்பு. இந்நகரம் கிறிஸ்தியானியா என அழைக்கப்பட்ட காலத்தில், 1811இல், தொடங்கப்பட்டது. நகரத்துக்கென ஒரு கலைக்களஞ்சியம் வெளியிடுகிறது, 'சென்ட் ஹல்வார்' என்றொரு சஞ்சிகை நடத்துகிறது, பழைய கட்டடங்கள் இடிபடப்போகும்போது குரல் கொடுக்கிறது. 'வெல்' என்றால் நலன். எமது வழக்கில் சொன்னால், ஒஸ்லோ நகர நலன்புரிச் சங்கம்.

நகரத்தின் தனித்தன்மையைக் காப்பது நல்ல காரியந்தானே என்று கடந்துபோகலாம். ஆனால் அந்தத் தனித்தன்மை எது, அதைத் தீர்மானிப்பவர் யார் என்று கேட்டால் விடயம் சிக்கலாகிறது. இந்நகரத்தின் பெயரே ஒரு தீர்மானந்தான். 1624இல் ஒஸ்லோ எரிந்தபின் டென்மார்க் மன்னன் நான்காம் கிறிஸ்தியான் அதை வேறிடத்தில் கட்டித் தன் பெயரை வைத்தான். பழைய பெயர் திரும்பியது 1925இல்.

எனர்ஹௌகனை எடுத்துக்கொள்வோம். குறொன்லான்டுக்கு மேலுள்ள குன்றில் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த சிறிய மரவீடுகள் இருந்தன. 1960களில் அவை இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்தன. ஐந்து வீடுகள் மட்டும் பிக்டொயில் உள்ள நோர்வே மக்கள் அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. பின்னர் கம்பன், வோலெரெங்கா, ரோடெலொக்கா பகுதிகளின் மரவீடுகளுக்கும் அதே ஆபத்து வந்தபோது, அங்கு வாழ்ந்தவர்கள் எதிர்த்து நின்று காப்பாற்றினார்கள். இன்று அந்த வீடுகளை வாங்க ஒரு தொழிலாளியால் முடியாது. வீடு மிஞ்சியது. எவருடைய வாழ்க்கையின் அடையாளமாக அது காக்கப்பட்டதோ, அவர்கள் அங்கில்லை.

காக்கப்படுவது பெரும்பாலும் முகப்புத்தான். நகரத்தின் பாதுகாப்புப் பட்டியலை இங்கு 'மஞ்சள் பட்டியல்' என்பார்கள். அப்பட்டியலில் உள்ள ஒரு கட்டடத்தின் நிலக்கீழ்ச் சமையலறையில் நான் வேலை செய்திருக்கிறேன். வெளியில் கல் முகப்பு அழகாகத் துலக்கப்பட்டிருந்தது. உள்ளே கோப்பை கழுவும் இடத்தில் மூச்சுவிடக் காற்றில்லை. அங்கு யார் வேலை செய்கிறார்கள் என்பதை எந்தப் பலகையும் சொல்லப்போவதில்லை. சொல்லவேண்டும் என்று நான் கேட்கவுமில்லை. ஆனால் நகரம் என்பது முகப்பு மட்டுமல்ல என்பதை அங்கிருந்து பார்ப்பவனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

'தன்மை' என்ற சொல் எமக்கு எதிராகவும் பயன்படுகிறது. குறொன்லான்டில் நின்றால் இது ஒஸ்லோ போலவே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. கடைப்பெயர்களும் மசூதிகளும் தலையை மூடிய பெண்களும் நகரத்தின் முகத்தைக் கெடுத்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. இதற்கு நோர்வேயிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1865இல் கட்டப்பட்ட வெஸ்ஸல்ஸ் காட்டா 15 என்ற குடியிருப்புக் கட்டடம் அதே மக்கள் அருங்காட்சியகத்தில் மீண்டும் கட்டப்பட்டுள்ளது. வெவ்வேறு காலங்களின் வீடுகள் அதற்குள் உள்ளன. அவற்றில் ஒன்று 2002ஆம் ஆண்டின் ஒரு பாகிஸ்தானியக் குடும்பத்தின் வீடு. வந்தேறியின் வீடும் நோர்வேயின் மரபு என்று ஒரு தேசிய நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இன்னொரு பதில் நடைபாதையில் இருக்கிறது. 1942 நவம்பர் 26ஆம் திகதி 529 யூதர்கள் 'டோனாவ்' கப்பலில் ஒஸ்லோவிலிருந்து ஏற்றப்பட்டு அவுஷ்விற்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களைக் கைதுசெய்ததில் நோர்வேப் பொலிசாருக்கும் பங்குண்டு. கொண்டுசெல்லப்பட்டவர்கள் வாழ்ந்த வீட்டு வாசல்களில் இப்போது சிறிய பித்தளைக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி ஒரு பெயர். நீலப் பலகை நகரம் பெருமைப்படுவதைச் சொல்கிறது. பித்தளைக் கல் நகரம் செய்ததைச் சொல்கிறது. ஓர் ஊரின் மரபைக் காப்பவர்களுக்கு இரண்டும் பொறுப்பு என்றே நான் நினைக்கிறேன்.

இனி எம்மிடம் வருவோம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் அழிந்தன என்பதை எமது பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். எரிந்த சுவர்களைச் சாட்சியாக விடவேண்டும், புதிய நூலகத்தை வேறாகக் கட்டவேண்டும் என்று அன்று வாதிட்டவர்கள் உண்டு. கட்டடம் திருத்தி வெள்ளையடிக்கப்பட்டு 2004இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. தீயின் தடயத்தை மூடிவிட்டார்கள் என்ற கோபம் நியாயமானது. பிறர் எமக்குச் செய்ததன் தழும்பு அழியக்கூடாது என்று கேட்க எமக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் அதே நகரத்தில் சோனகத் தெருவும் இருக்கிறது. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து துரத்தப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். தலைமுறை தலைமுறையாக அந்நகரத்தில் தைத்தவர்கள், இரும்பு வியாபாரம் செய்தவர்கள், ஒஸ்மானியாக் கல்லூரியில் படித்தவர்கள். அவர்களும் யாழ்ப்பாணத்தின் தன்மைதான். குறொன்லான்டைப் பார்த்து 'இது ஒஸ்லோ அல்ல' என்பவனை இனவாதி என்கிறோம். சோனகத் தெருவின் வெறும் வீடுகளைப் பார்த்து நாம் எதுவும் சொல்லாதிருந்ததற்கு என்ன பெயர்?

அது போர்க்காலம், அப்போது பேசமுடியாது என்று சொல்லப்பட்டது. அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டாலும் போர் 2009இல் முடிந்துவிட்டது. ஒஸ்லோவிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் உள்ள எமது ஊர்ச்சங்கங்கள் கோவிலுக்குக் கோபுரம் கட்டுகின்றன, பாடசாலைக்கு நுழைவாயில் கட்டி உபயகாரர் பெயரைப் பொறிக்கின்றன. அந்தக் கோவில்கள் சிலவற்றுக்குள் ஊரில் ஒரு பகுதியினர் நீண்டகாலம் விடப்படவில்லை என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக நின்றவர்களும் அந்த மண்ணின் வரலாறுதான்.

பணம் சேர்ப்பது தவறல்ல. உறைபனியில் உழைத்த காசை ஊருக்கு அனுப்புபவனின் மனம் எனக்குத் தெரியும். ஆனால் ஊரின் நலன் என்று பெயர் வைத்த சங்கம், அந்த ஊரிலிருந்து யார் யார் போனார்கள், யார் யார் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்ற பட்டியலையும் வைத்திருக்கவேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் கோபுரத்துக்கான கணக்கு வாசித்து முடிந்ததும் யாராவது ஒருவர் எழுந்து இதைக் கேட்கலாம்.