பொறுமை யாருக்குக் கட்டுப்படியாகும்?

சொன்னதை மறந்துவிடுகிறான், எடுத்ததை முடிப்பதில்லை, ஒரு இடத்தில் உட்காருவதில்லை: பனியன் கம்பெனியையும் விசைத்தறியையும் நம்பி வாழும் குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றித் திருப்பூர், பல்லடம், சோமனூர்ப் பக்கம் நாம் இப்படித்தான் பேசிப் பழகியிருக்கிறோம். நினைவில் நிறுத்துவது, அவசரத்தை அடக்குவது, நிலைமை மாறினால் வழியையும் மாற்றிக்கொள்வது ஆகியவற்றை உளவியலாளர்கள் மனத்தின் நிர்வாகத் திறன்கள் என்கிறார்கள். தூக்கமும் சோறும் விளையாட்டும், சொன்ன நேரத்துக்கு வீடு வந்து சேரும் ஒரு பெரியவரும் இருந்தால்தான் அவை ஒழுங்காக வளரும். இங்கேயோ ஒன்றரை ஷிப்ட் முடித்து அப்பா வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். சனிக்கிழமைச் சம்பளம் வரைக்கும் வீடு கடனில் ஓடும். கம்பெனி மாறினால் லைன் வீடு மாறும், வருட நடுவில் பள்ளியும் மாறும். வெளிநாட்டுக்குச் சரக்கு ஏற்றும் தேதியை எப்பாடுபட்டாவது காப்பாற்றுகிற ஊர் இது. பிள்ளையிடம் சொன்ன நேரம் எந்த ஆர்டரிலும் சேர்வதில்லை.

பெற்றோருக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிடுவது எளிது. 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வுக்காக, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். கையில் காசில்லாத காலத்தில் கவனமும் யோசனையும் தாழ்ந்திருந்தன. கரும்புப் பணம் வந்தபின் அதே மனிதர்கள் தேறினார்கள். வளர்ந்தவர்களுக்கே இதுதான் கதி.

சற்றுப் பொறுத்தால் இரண்டு மிட்டாய் என்று சொல்லிக் குழந்தைகளின் சுயகட்டுப்பாட்டை அளந்த வால்டர் மிஷெலின் ஸ்டான்ஃபோர்டு சோதனையை உலகம் அறியும். பிற்பாடு ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் அதையே சிறிது மாற்றிச் செய்தார்கள். முதலில் நல்ல வண்ணப்பொருள்கள் தருவதாகச் சொல்லி, சில குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள், சிலரை ஏமாற்றினார்கள். வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் மிட்டாய்க்குச் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் பொறுத்தார்கள்; ஏமாந்தவர்கள் மூன்று நிமிடம். ஏமாந்த குழந்தை சீக்கிரம் எடுத்துத் தின்றதைப் பலவீனம் என்று எப்படிச் சொல்வது? தன் அனுபவத்தை வைத்து அது போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கோவையில் எல்லாம் வாய்த்த பிள்ளைகளின் கவனத்தை வளர்க்கக் கட்டணம் கட்டி வகுப்புக்கு அனுப்புகிறோம். 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை யாரும் மூளைப் பயிற்சி என்று அழைக்கவில்லை. ஆனால் பள்ளி நாளில் தவறாமல் வரும் அந்தக் காலைச் சாப்பாடு, வயிற்றை நிரப்புவதோடு நாளையும் நம்பக்கூடியது என்று சொல்லிவைக்கிறது. அதேபோல, ஷிப்டை அறிவித்த நேரத்தில் முடிக்கக் கம்பெனிகளால் முடியும். நடுவருடத்தில் வந்து சேரும் பிள்ளையை ஒரே ஆசிரியரிடம் தொடர்ந்து ஒப்படைக்கப் பள்ளிகளால் முடியும். பொறுமையைப் பிள்ளைகளிடம் கேட்பதற்கு முன் வாக்கைக் காப்பாற்ற வேண்டியவர்கள் நாம்தான்.